ஜியோஆர்ட் வரைபடத்தில் கோணலாக வருகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கலாம்

ஜியோகேச் என்பது ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பதற்காக ஒளித்து வைத்த பெட்டி. அந்த ஜியோகேச்களை வரைபடத்தில் ஒரு மீனாகவோ நட்சத்திரமாகவோ எழுத்தாகவோ தெரியும்படி அடுக்குவதுதான் ஜியோஆர்ட். கணினியில் வரைந்தபோது கச்சிதமாக இருந்த படம், ஜியோகேச்சிங் தளத்தின் வரைபடத்தில் ஏறியதும் வேறு ஏதோ ஆகிவிட்டது என்ற புலம்பல் இந்தப் பொழுதுபோக்கில் சகஜம். அப்போது பலரும் செய்வது, தப்பாக விழுந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நகர்த்துவது. அதைச் செய்யாதீர்கள். முதலில் கொஞ்சம் ஜூமைக் குறைத்து, தப்பு எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். முழுப் படமும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் கோளாறு உங்கள் சூத்திரத்தில் இருக்கிறது. சீரான இடைவெளியில் கெட்டிருந்தால், எண்களை எழுதிய விதத்தில். எங்கோ ஒன்றிரண்டு மட்டும் ஓடிப்போயிருந்தால் கைத்தவறு. நேற்று வரை சரியாக இருந்தது இன்று மாறியிருந்தால், பார்ப்பவரின் கணக்கிலோ கேச்சின் நிலையிலோ ஏதோ மாறியிருக்கிறது.

இங்கே சொல்வதில் பெரும்பகுதி மிஸ்டரி கேச்களால் செய்யும் படங்களுக்கானது. மிஸ்டரியில், கேச்சின் இணையப் பக்கத்தில் காட்டும் கோஆர்டினேட்டில் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில்) பெட்டி இருக்க வேண்டியதில்லை. புதிரை அவிழ்த்தால்தான் உண்மையான இறுதி இடம் தெரியும். அதனால் புள்ளியை ஏரி நடுவிலும் வைக்கலாம். காட்டும் இடத்திலேயே பெட்டி இருக்கும் ட்ரெடிஷனல் கேச்சில் அந்தச் சலுகை கிடையாது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

படம் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிகிறது

வட்டம் வரைந்தீர்கள், முட்டை வந்திருக்கிறது. காரணம் அநேகமாக இதுதான்: அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் ஒரே அளவு நிமிடத்தைக் கூட்டிக்கொண்டே போயிருப்பீர்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் எங்கே போனாலும் கிட்டத்தட்ட 1,852 மீட்டர்தான். தீர்க்கரேகையில் ஒரு நிமிடம் நிலநடுக்கோட்டில் மட்டுமே அந்த நீளம்; துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும். 60 டிகிரியில் பாதியாகிவிடும். ஆகவே அங்கே போட்ட வட்டம், அகலத்தைப் போல இரண்டு மடங்கு உயரமாக நிற்கும். 30 டிகிரியில் உயரம் சுமார் 15 சதவீதம் கூடும். முகம் வரைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். 10 டிகிரியில் ஒன்றரை சதவீதம்தான், யாருக்கும் தெரியாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சரியாக வந்த ஸ்ப்ரெட்ஷீட்டை வடக்கே இருக்கும் நண்பர் வாங்கிப் பயன்படுத்தினால் சொதப்புவது இதனால்தான்.

தீர்வு எளிது. அட்சரேகைப் படியை அந்த இடத்து அட்சரேகையின் கொசைனால் வகுத்தால் தீர்க்கரேகைப் படி கிடைக்கும். 50 டிகிரியில் கொசைன் 0.643. மேலே கீழே 0.100 நிமிடம் வீதம் போனால் பக்கவாட்டில் 0.156 நிமிடம் வீதம் போக வேண்டும். இரண்டுமே தரையில் சுமார் 185 மீட்டர். ஸ்ப்ரெட்ஷீட்டில் கொசைன் போடும்போது டிகிரியை ரேடியனாக மாற்ற மறந்தால் எண் கன்னாபின்னாவென்று வரும், சில நேரம் மைனஸிலும் வரும். அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைய வரைபடங்கள் மெர்கேட்டர் முறையில் வரையப்படுவதால் அவையே படத்தை இழுத்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். மெர்கேட்டர் பெரிதாக்கும்போது உயரத்தையும் அகலத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். தரையில் சதுரமாக இருப்பது திரையிலும் சதுரமாகவே தெரியும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்குப் படம் போடுகிறவர்களுக்குத்தான் அது தனிக் கவலை.

தலைகீழாக, அல்லது கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கிறது

படக் கோப்பில் முதல் வரிசை மேலே இருக்கும், எண் கூடக் கூடக் கீழே இறங்கும். வடக்கு அரைக்கோளத்தில் அட்சரேகை நேர்மாறு: எண் கூடினால் மேலே ஏறும். வரிசை எண்ணை அப்படியே கூட்டினால் படம் தலைகீழாகும். மேல் ஓர அட்சரேகையை எடுத்துக்கொண்டு அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். தெற்கு அரைக்கோளத்தில் கூட்டுவதுதான் சரி. அதேபோல் மேற்குத் தீர்க்கரேகையில் கிழக்கே நகர நகர எண் குறைய வேண்டும். அங்கே கூட்டினால் இடமும் வலமும் மாறிவிடும். எழுத்துகளால் ஆன படத்தில் இது உடனே மாட்டிக்கொள்ளும். பூ, பட்டாம்பூச்சி போன்றவற்றில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போகலாம், அப்படியானால் விட்டுவிடுங்கள்.

படம் படுத்துக்கொண்டு, கூடவே திரும்பியும் இருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. சோதித்துப் பார்ப்பதற்காகக் கேஎம்எல் கோப்பு (புள்ளிகளை வெளி வரைபடத்தில் காட்டும் கோப்பு) தயாரிக்கும்போது இது அடிக்கடி நடக்கும். அந்தக் கோப்பு வகையில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. மனிதர்கள் எழுதுவதோ நேர்மாறாக. சோதனைக் கோப்பில் மட்டும் மாறியிருந்து பட்டியலில் சரியாக இருந்தால், பட்டியலைத் தொடாதீர்கள். கோப்பைத் திருத்தினால் போதும்.

உண்மையான படத்தை ஏற்றுவதற்கு முன் ஆங்கில எஃப் எழுத்தைப் பத்துப் பதினைந்து புள்ளிகளில் செய்து ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது திரும்பியது தெரியும். நம்முடைய ‘ட’ இதற்கு உதவாது: இரண்டு கோடும் சம நீளமாக இருந்தால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாறினாலும் அதே ‘ட’தான் வரும்.

வடிவம் சரி, ஆனால் வேறு இடத்தில், பெரிதாக வந்திருக்கிறது

தசம டிகிரியை நிமிடமாக்காமல் அப்படியே போட்டிருக்கிறீர்கள். 50.4258 டிகிரி என்றால் 0.4258 ஐ 60 ஆல் பெருக்கி 50 டிகிரி 25.548 நிமிடம் என்று எழுத வேண்டும். புள்ளியை மட்டும் நகர்த்தி 42.58 நிமிடம் என்று எழுதினால், இடம் சுமார் 31.5 கிலோமீட்டர் வடக்கே போய்விடும். இதில் வேடிக்கை என்னவென்றால் எல்லாப் புள்ளியும் ஒரே விகிதத்தில் நகர்வதால் படம் கெடாது. ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 60க்கு 100 என்ற விகிதத்தில், பெரிதாகும். அவ்வளவுதான். படம் அழகாகத் தெரிகிறதே என்று இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். டிகிரியின் தசமப் பகுதி 0.6க்கு மேல் இருந்தால் நிமிடம் 60ஐத் தாண்டிவிடும், உடனே தெரிந்துவிடும். அதற்குக் கீழே இருந்தால் யாரும் எச்சரிக்க மாட்டார்கள்.

படத்தில் சீரான இடைவெளியில் வெற்றுப் பட்டைகள்

கண்டுபிடிக்க எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் படமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. குறுக்கே ஒரு பட்டை காலியாக இருக்கும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதே தூரத்தில் மற்றொன்று. நடுவில் இருக்கும் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

ஜியோகேச்சிங்கில் வழக்கமான எழுத்துமுறை டிகிரி, பிறகு மூன்று தசம இடத்துடன் நிமிடம். உங்கள் மென்பொருள் டிகிரி, நிமிடம், விநாடி என்று கொடுத்திருக்கும். 25 நிமிடம் 32.9 விநாடி என்பதை 25.329 நிமிடம் என்று எழுதிவிட்டீர்கள். சரியான மதிப்பு 25.548. விநாடி 59.9க்கு மேல் போகாது. ஆகவே நீங்கள் எழுதும் எண்ணின் தசமப் பகுதி 0.599க்கு மேல் ஒருபோதும் வராது. ஒவ்வொரு நிமிடத்திலும் மேல் 40 சதவீதம் காலி. தரையில் அளந்தால், 1.85 கிலோமீட்டருக்கு ஒருமுறை சுமார் 740 மீட்டர் அகலப் பட்டை. வரைபடத்தில் அந்த அளவு பொருந்தினால் வேறு எங்கும் தேட வேண்டாம்: விநாடியை 60 ஆல் வகுத்து எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடுங்கள். தீர்க்கரேகையிலும் அதே தவறு இருந்தால் நெடுக்குப் பட்டைகளும் வரும், படம் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரியும்.

இதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உண்டு. பட்டை இருக்கும், ஆனால் மெலிதாக, நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு; அங்கே இருக்க வேண்டிய புள்ளிகள் மட்டும் சிதறிக் கிடக்கும், மற்றவை எல்லாம் சரியாக இருக்கும். சிதறிய புள்ளிகளின் சரியான மதிப்பை எடுத்துப் பாருங்கள். தசமப் புள்ளிக்கு அடுத்து எல்லாவற்றிலும் பூஜ்யம் இருக்கும். 30.045 என்பது எங்கேயோ 30.45 ஆகிவிட்டது. ஸ்ப்ரெட்ஷீட்டில் நிமிடத்தையும் தசமப் பகுதியையும் தனித்தனிப் பத்தியில் வைத்து ஒட்டுகிறவர்களுக்கு இது நிச்சயம் வரும், 045 என்று அடித்தால் மென்பொருள் 45 என்று சுருக்கிக்கொள்ளும். அட்சரேகையில் இந்த ஒரு பூஜ்யத்தின் விலை 750 மீட்டர். தனிப் பத்தி வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் மூன்று இலக்கம் கட்டாயம் என்று வடிவமைப்பில் சொல்லிவிடுங்கள்.

கோடு லேசாக வளைந்து நெளிகிறது என்றால் மூன்றாவது தசம இடத்தில் முழுமையாக்கியதால்தான் என்று சொல்வார்கள். அதுவாக இருக்க முடியாது. அட்சரேகையில் 0.001 நிமிடம் என்பது 1.85 மீட்டர். படம் பார்க்கிற ஜூமில் அது ஒரு பிக்சலில் சிறு துண்டு. நெளிசல் உங்கள் வரைதலிலேயே இருக்கிறது.

ஒன்றிரண்டு புள்ளி மட்டும் ஓடிப்போயிருக்கிறது

கைத்தவறு. இலக்கம் இடம் மாறியிருக்கும், அல்லது பக்கத்து வரியின் எண்ணை ஒட்டியிருப்பீர்கள். கேச் இன்னும் வெளியாகவில்லை என்றால் பக்கத்தைத் திருத்தினால் முடிந்தது. வெளியான பிறகு என்றால், கோஆர்டினேட் புதுப்பிக்கும் பதிவின் மூலம் 161 மீட்டர் வரை நீங்களே நகர்த்தலாம். அதற்கு மேல், கேச்களைச் சரிபார்த்து வெளியிடும் ரிவ்யூவர்தான் செய்ய வேண்டும். இப்படி ஒன்று மட்டும் மாட்டியிருந்தால் கேட்பதில் சங்கடம் இல்லை. நூறு மாட்டியிருந்தால் ரிவ்யூவர் ஒரு தன்னார்வலர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இதனால்தான் வெளியிடும் முன் முழுப் பட்டியலையும் வெளி வரைபடம் ஒன்றில் ஏற்றிப் பார்ப்பது அவசியம் என்கிறேன். அதிலும், பக்கங்களில் ஏற்றிய பிறகு அங்கிருந்து திரும்ப எடுத்த எண்களைச் சோதியுங்கள். மூலப் பட்டியலைச் சோதித்தால் தட்டச்சுப் பிழை வெளியே வராது.

படமே தெரியவில்லை, நீலக் கறைதான் தெரிகிறது

மிஸ்டரியின் நீல ஐகான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. மிஸ்டரியின் அறிவித்த (அதாவது இணையப் பக்கத்தில் காட்டும்) கோஆர்டினேட்டுகளுக்கு நடுவே குறைந்தபட்ச தூர விதி இல்லை என்பதால் நெருக்கி வைக்க ஆசை வரும். ஆனால் ஐகானுக்கு ஒரு அகலம் இருக்கிறதே. 256 பிக்சல் சதுரங்களால் ஆன இணைய வரைபடத்தில் ஒரு பிக்சலுக்கு எத்தனை மீட்டர் என்று இப்படிக் கணக்கிடலாம்: 156,543 ஐ அட்சரேகையின் கொசைனால் பெருக்கி, 2இன் ஜூம் அடுக்கால் வகுக்க வேண்டும். 50 டிகிரியில் ஜூம் 12க்கு ஒரு பிக்சல் சுமார் 24.6 மீட்டர். மேலே சொன்ன 185 மீட்டர் இடைவெளி அங்கே ஏழரைப் பிக்சல்தான். ஐகான் 20 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டால் மூன்று ஐகான் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். தனித்தனியாகத் தெரிய சுமார் 490 மீட்டர் வேண்டும்.

எந்த ஜூமில் பார்க்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த ஜூமில் ஏற்கனவே இருக்கும் மிஸ்டரி ஐகான் ஒன்றைத் திரையில் படமெடுத்து அகலத்தை அளங்கள். அதற்கு ஏற்ற இடைவெளியை வைத்து, முழுப் படமும் ஒரு சாதாரணத் திரையில் அடங்குகிறதா என்று பாருங்கள். கோட்டுப் படத்துக்குக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லப்போனால் கோடு திடமாகத் தெரியும். கண், மூக்கு போன்ற உள் விவரங்களுக்குத்தான் இடைவெளி முக்கியம். என் கருத்தில் உள்ளே நிரப்பிய படத்தைவிட வெளிக்கோடு மட்டும் கொண்ட படம் எப்போதும் மேல். பாதி கேச்சில் வேலை முடியும், பராமரிக்கவும் பாதி உழைப்பு போதும்.

கறை அல்லாமல் இரைச்சல் என்றால், அதாவது உங்கள் புள்ளிகளுக்கு நடுவே மற்றவர்களின் கேச்கள் கலந்திருந்தால், படத்தை நகர்த்துவதைத் தவிர வழியில்லை. காலியான நீர்ப்பரப்பு, வயல், பாலை என்று தேடுவது அதற்காகத்தான்.

வரைபடத்தில் இடம் காலி, ஆனாலும் ரிவ்யூவர் நிராகரிக்கிறார்

வேறு வேறு கேச்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் (528 அடி, 0.1 மைல்) வேண்டும் என்ற விதி பெட்டி போன்ற பொருள் இருக்கும் இடங்களுக்கானது. மற்றவர்களின் மிஸ்டரி இறுதி இடங்களும் பல கட்டமாகத் தேடும் மல்டி கேச்சின் மறைந்த கட்டங்களும் வரைபடத்தில் தெரியாது, ஆனால் ரிவ்யூவருக்குத் தெரியும். பெட்டி வைக்கப் போகும் இடங்களின் பட்டியலை முன்கூட்டியே அனுப்பி, முட்டுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து மிஸ்டரிகளை நீங்களே அவிழ்த்துப் பார்ப்பதும் நல்ல வழி.

நிராகரிப்பு இறுதி இடத்துக்கு வராமல் படப் புள்ளிக்கே வந்தால், அந்தப் பக்கத்தில் அறிவித்த கோஆர்டினேட்டைப் பொருள் உள்ள கட்டமாகக் குறித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்தக் குறியை மாற்றினால் முட்டல் தானாக மறையும்.

இன்னொரு நிராகரிப்பு தூரம் அதிகம் என்பதற்காக வரும். இறுதி இடம் அறிவித்த புள்ளியிலிருந்து பொதுவாக 3.2 கிலோமீட்டருக்குள் (2 மைல்) இருக்க வேண்டும். 100 பெட்டிகளை 161 மீட்டர் இடைவெளியில் ஒரே பாதையில் வைத்தால் பாதை சுமார் 16 கிலோமீட்டர் நீளும். படமோ 7 கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். ஒன்றாம் எண்ணுக்கு முதல் பெட்டி, இரண்டாம் எண்ணுக்கு இரண்டாவது என்று கொடுத்துக்கொண்டே போனால் பாதிப் புள்ளிகள் எல்லை தாண்டும். எண் வரிசையை மறந்துவிட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் இருக்கும் பெட்டியைக் கொடுங்கள். எல்லாவற்றிலும் தொலைவான புள்ளியிலிருந்து தொடங்குவது நல்லது. அதற்குத்தான் தெரிவு குறைவு.

எனக்குச் சரி, நண்பருக்குக் கோணல்

நண்பர் புதிரை அவிழ்த்து, திருத்திய கோஆர்டினேட்டைப் பக்கத்தில் சேமித்திருப்பார். அப்போது ஐகான் அவருடைய வரைபடத்தில் இறுதி இடத்துக்குத் தாவிவிடும், புதிர்த் துண்டு வடிவமும் எடுத்துக்கொள்ளும். பத்து அவிழ்த்தால் படத்தில் பத்து ஓட்டை. மற்ற யாருக்கும் அது தெரியாது. பெட்டியைக் கண்டுபிடித்துப் பதிவும் போட்டபின், திருத்திய கோஆர்டினேட்டை அழித்தால், கண்டுபிடித்ததைக் காட்டும் மஞ்சள் சிரிப்பு முகம் படத்திலேயே வந்து உட்காரும். முழுப் படத்தையும் சிரிப்பு முகங்களால் நிரப்புவதற்காகவே ஜியோஆர்ட் தேடுகிறவர்கள் உண்டு. அழிக்கும் முன் இறுதி இடத்தைத் தனிக் குறிப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மறுபக்கம், உரிமையாளருக்கு மட்டும் வண்ணம் தெரியாது. ட்ரெடிஷனலின் பச்சை, மல்டியின் ஆரஞ்சு, மிஸ்டரியின் நீலம் என்று கலந்து படம் போட்டாலும், உங்கள் கணக்கில் உங்கள் கேச் எல்லாம் நட்சத்திரமாகவே வரும். வேறொருவரிடம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே, வடிகட்டி எதுவும் போடவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்; கண்டுபிடித்தவற்றை மறை என்ற வடிகட்டி பாதிப் படத்தை விழுங்கிவிடும்.

ட்ரெடிஷனலால் போட்ட படம் நெளிகிறது

இங்கே புள்ளியும் பெட்டியும் ஒன்றே. நிலம் எங்கே விடுகிறதோ அங்கேதான் வைக்க முடியும், 161 மீட்டர் விதியும் ஒவ்வொரு புள்ளிக்கும் பொருந்தும். அமெரிக்காவின் நெவாடாவில் வேற்றுக்கிரகவாசி நெடுஞ்சாலை என்று பெயர் பெற்ற 375ஆம் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் வேற்றுக்கிரகவாசித் தலை ஜியோஆர்ட் சரியாக வந்ததற்குக் காரணம் திறந்த பாலைவனம். வேலியும் ஓடையும் உள்ள இடத்தில் அந்த நேர்த்தியை எதிர்பார்க்காதீர்கள். படத்தைப் பெரிதாக்கினால் சில பத்து மீட்டர் விலகல் திரையில் ஒரு பிக்சல் இரண்டு பிக்சலாக அடங்கிவிடும். அதுவும் முடியாத புள்ளியை மட்டும் மிஸ்டரியாக மாற்றுங்கள்.

வெளியாகிச் சில மாதம் கழித்து ஒரு கண் காணோம்

பெட்டி தொலைந்திருக்கும். தற்காலிகமாக நிறுத்தினால் ஐகான் சாம்பல் நிறமாகும். கவனிக்காமல் விட்டால் ரிவ்யூவர் ஆர்க்கைவ் செய்வார், அதாவது கேச்சையே மூடிவிடுவார், ஐகான் வரைபடத்திலிருந்தே போய்விடும். மற்றப் புள்ளிகளை நகர்த்தி ஓட்டையை மூடப் பார்க்காதீர்கள். ஏற்கனவே கண்டுபிடித்தவர்களின் சிரிப்பு முகமும் சேர்ந்து நகரும். அதே அறிவித்த கோஆர்டினேட்டில் புதிய மிஸ்டரி ஒன்றை எழுதி வெளியிடுங்கள். பழைய இறுதி இடம் இப்போது காலியாக இருந்தால் அதையே பயன்படுத்தலாம், ஆனால் பெட்டி ஏன் தொலைந்தது என்று பார்த்துவிட்டு. திருடு போகிற இடம் என்றால் புதுப் பெட்டியும் அங்கே நிற்காது, இருபது மீட்டர் தள்ளி வையுங்கள். புதிய இறுதி இடம் எங்கே என்பதை ரிவ்யூவருக்கான குறிப்பில், எந்தப் படத்தின் எந்தப் புள்ளிக்கு மாற்று என்பதோடு சேர்த்து எழுதிவிட்டால் வெளியீடு சீக்கிரம் நடக்கும்.